நனைந்த சாக்கில் தையல் நிற்காது

என் மருமகளின் கன்னத்தை ஊர் இரண்டு தடவை பாராட்டியது. இரண்டு தடவையும் எனக்கு அது நல்ல சேதி இல்லை.

முதல் தடவை பாராட்டியவர்கள் எங்கள் திராட்சைத் தோட்டத்துக்குக் கவாத்து வெட்ட வந்த பெண்கள். ஓடைப்பட்டிப் பக்கம் எங்களுக்கு இருப்பது சின்னத் தோட்டம்தான். பந்தலுக்குக் கீழே கத்திரியோடு நின்றுகொண்டு, "என்ன மதினி, ஒங்க மருமகளுக்கு மொகத்துல சதை போட்டுருச்சே? மாமியா கைச்சோறு ஒட்டிக்கிருச்சு போல" என்றாள் ஒருத்தி. "எங்க வீட்டுலயுந்தான் ஒரு மாமியா இருக்கா. அவ கைச்சோத்தத் தின்னா இருக்குற சதையும் போயிரும்" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு, வெட்டி விழுந்த குச்சிகளைப் பொறுக்கினேன்.

தலையைக் குனிவது எனக்குப் பழக்கம். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. பிறகு கல்யாணம் ஆகும்வரை போடியில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில், சரக்கு அடைக்கிற கிடங்கில், சாக்கு தைத்தேன். மூட்டை நிரம்பியதும் வாயைச் சேர்த்துச் சணல் நூலால் தைப்பதுதான் வேலை. அங்கே இருந்தவர்கள் என்னை ஊமைக் கோட்டான் என்று கேலி பேசுவார்கள். எனக்குப் பேச வராது என்று இல்லை. வெளியாள் முன்னால் வாயைத் திறந்தால் தொண்டையை யாரோ பிடித்த மாதிரி இருக்கும். இந்த வயதிலும் அப்படித்தான். கடையில் சீட்டை நீட்டுவேனே தவிர வாயால் கேட்க மாட்டேன். மருமகளின் குடல் விஷயத்தில் நடந்ததற்கெல்லாம் இந்த வாயும் ஒரு காரணம். அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவளுக்குச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வலது அடிவயிற்றில் சுருட்டிப் பிடிக்கும். பந்தல் கல்லைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவாள். முதலில் குடலில் காசநோய் என்று சொல்லி, ஒரு வருடத்துக்குப் பக்கமாக அதற்கு உண்டான மாத்திரையைச் சாப்பிட்டாள். மூத்திரம் சிவப்பாகப் போனதுதான் மிச்சம். பிறகு தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் உள்ளே குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, இது காசநோய் இல்லை, கிரோன் நோய் என்றார்கள். உடம்பே தன் குடலைப் பகையாளி என்று நினைத்துத் தாக்குமாம். வீடு வந்து சேரும்வரை பஸ்ஸில் அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன், மறந்துவிடக் கூடாது என்று.

அப்போது எழுதிக் கொடுத்ததுதான் அந்த வெள்ளை மாத்திரை. சட்டைப் பொத்தானில் பாதி அளவு இருக்கும். ஸ்டீராய்டு என்றார்கள். ஒரு நாளைக்கு எட்டில் ஆரம்பித்து, வாரம் ஒன்றாகக் குறைத்து, கடைசியில் நிறுத்திவிட வேண்டும். சாப்பிட்ட நாலாம் நாளே வலி போனது. பசி எடுத்தது. அவள் உட்கார்ந்து மூன்று தோசை தின்றதை நான் கதவோரம் நின்று பார்த்தேன். ஆனால் மாத்திரை இரண்டாகக் குறைந்த வாரத்தில் வலி திரும்பி வந்துவிட்டது.

"அத்தே, சின்னமனூருக்குத்தான போறீக? இந்தச் சீட்டக் காட்டி ஒரு மாசத்துக்கு அட்டை வாங்கியாந்துருங்க" என்றாள் மருமகள். பழைய சீட்டு. "டாக்டர் எழுதுனதுதான? நாமளா வாங்கித் திங்குறோம்?"

எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான் இது. ஒரு தடவை நோய்க்குக் கேட்ட மருந்தின் சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துக்கொள்வோம். டாக்டர் கையெழுத்து இருந்தால் அது ஆயுசுக்கும் செல்லும் என்று நினைப்பு. நானும் சீட்டை நீட்டினேன். கடைக்காரரும் தேதியைப் பார்க்கவில்லை. அட்டைகளை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, அடுப்படியில் உளுந்து டப்பாவுக்குள் புதைத்து வைத்தது நான்தான். என் மகன் பார்த்தால் சத்தம் போடுவான் என்று பயம். அடுத்த மாதம் மறுபடி போனேன். அதற்கடுத்த மாதமும். அவள் கன்னம் உப்பியது அதனால்தான். தோட்டத்துப் பெண்களுக்குத் தெரியாது. என் மகனுக்கும் தெரியாது.

மாத்திரை வலியைத்தான் மூடி வைத்தது. உள்ளே குடல் சுருங்கிக்கொண்டே போயிருக்கிறது. ஒரு நாள் கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. மறுபடி தேனிக்குக் கூட்டிப்போனோம். இந்தத் தடவை அறுவை சிகிச்சை செய்கிற டாக்டர். நடுத்தர வயது, மூக்குக் கண்ணாடி, சத்தமே வராத பேச்சு. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"சிறுகுடல் பெருங்குடல்ல சேர்ற இடத்துல ஒரு சாண் நீளத்துக்குத் தடிச்சுச் சுருங்கிப்போச்சு. பக்கத்துல ஓட்டை விழப் பார்க்குது. இனிமே மருந்துல விரியாது. அந்தத் துண்டை வெட்டி எடுக்கணும்."

என் மகன் கேட்டான்: "வெட்டிட்டு ரெண்டு முனையையும் சேத்துருவீகளா சார்? நாங்க சொட்டுநீர்க் கொழாய்க்குக் கப்ளிங் போடுற மாதிரி?"

"குழாயை ஒட்டினா ஒட்டினதுதான். இது உயிருள்ள சதை. நாங்க சேர்த்துவச்சுத் தைக்க மட்டும்தான் முடியும். கூடுறதும் கூடாததும் அது பாடு" என்று சொல்லிவிட்டு, மருமகள் பக்கம் திரும்பினார். "அந்த வெள்ளை மாத்திரையை நிறுத்தி எத்தனை நாளாச்சும்மா?"

"ரெண்டு மாசமாச்சு சார்."

"முகம் இன்னும் உப்பலாத்தான் இருக்கு."

"அது மெல்லத்தான் வத்தும்னு சொன்னாக சார்."

"ஏன் கேட்கிறேன்னா, அந்த மாத்திரை உடம்புல ஓடிக்கிட்டிருந்தா தைச்ச இடம் கூடாது. அஞ்சாம் நாளோ ஆறாம் நாளோ விட்டுப்போகும். கழிவு வயித்துக்குள்ள கசியும். அப்புறம் உயிருக்கு உத்தரவாதம் இல்ல. அப்படின்னா நான் ஒட்டவே மாட்டேன். ரெண்டு முனையையும் வயித்துக்கு வெளியில எடுத்துவச்சுப் பையை மாட்டிடுவேன். நாலு மாசம் கழிச்சு உடம்பு தேறினதும்தான் ஒட்டுறது. நிறுத்தியாச்சுன்னா ஒரே தடவையில வெட்டி ஒட்டிடலாம். அதனால உண்மையைச் சொல்லணும்."

"நிப்பாட்டிட்டேன் சார்" என்றாள் மருமகள். குரல் நடுங்கவில்லை.

உளுந்து டப்பாவில் அன்றைக்கு ஒன்றரை அட்டை இருந்தது.

திரும்பி வரும்போது என் மகன் பஸ்ஸின் முன்பக்கம் நின்றுகொண்டான். நாங்கள் இருவரும் பின்சீட்டில். வீரபாண்டி தாண்டும்போது மருமகள் அம்மன் கோயில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏன் ஆத்தா பொய் சொன்ன?" என்றேன். அவளிடம் எனக்குப் பேச்சு வரும்.

"பைய மாட்டிக்கிட்டு நான் எப்புடித்தே அடுப்படிக்குள்ள போவேன்? வர்ற சித்திரையில ஆத்தாளுக்குத் தீச்சட்டி எடுக்குறதா நேந்துருக்கேன். பீய வயித்துல கட்டிக்கிட்டு எடுக்கச் சொல்றீகளா?"

"மாத்திரய இன்னைக்கே நிப்பாட்டிரு."

"நிப்பாட்டிப் பாத்தேன். ஒரு நாளு தாங்கல. நீங்க பாக்கல." என் கையைப் பிடித்து, கோயில் இருந்த திசைக்கு நீட்டினாள். "சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க. யாருட்டயும்."

பண்ணினேன். சொல்லாமல் இருப்பது எனக்கு எந்த நாளும் கஷ்டமான வேலையாக இருந்ததில்லை.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு நர்ஸ் வந்தாள். குமுளிக்கு அந்தப் பக்கத்து மலையாளப் பெண். மருமகளை உட்காரச் சொல்லி, நிற்கச் சொல்லி, குனியச் சொல்லிப் பார்த்துவிட்டு, தொப்புளுக்கு வலப்பக்கம் கறுப்பு மையால் ஒரு புள்ளி வைத்தாள். "இது சும்மா. ஒரு வேளை பை வேண்டிவந்தா எங்க வைக்கணும்னு அடையாளம். பேடிக்கண்டா" என்றாள். பயப்படாதே என்று அர்த்தம்.

பிள்ளைகளுக்குக் கண்ணேறு படாமல் இருக்கக் கன்னத்தில் வைப்போமே, அதே அளவு பொட்டு. நர்ஸ் போனதும் மருமகள் குளியலறைக்குள் போனாள். வெகுநேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது சேலை இடுப்பெல்லாம் நனைந்து, புள்ளியைச் சுற்றித் தோல் சிவந்து கிடந்தது. புள்ளி அப்படியே இருந்தது.

"போகலத்தே" என்றாள்.

காலையில் தள்ளுவண்டியில் படுக்க வைத்துக் கூட்டிப்போகும்போது தாலியையும் தோட்டையும் கழற்றி ஒரு சின்னப் பர்சில் போட்டு என் கையில் கொடுத்தாள். என் மகன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். நான் ஆபரேஷன் தியேட்டர் வாசலில், சுவரோரப் பெஞ்சியில் உட்கார்ந்தேன். தாலி பத்திரமாக இருக்கிறதா என்று பர்சைத் திறந்தேன். உள்ளே மாத்திரை அட்டை ஒன்று மடங்கிக் கிடந்தது. எல்லாக் குழியும் காலி. கடைசி இரண்டு குழியின் வெள்ளித்தாள் புதிதாகக் கிழிந்திருந்தது. அன்றைக்குக் காலையில் வாய் கொப்பளிக்கிறேன் என்று போனபோது விழுங்கியிருக்கிறாள். இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, ஐம்பது வருடமாக நினைக்காத ஒன்று நினைவுக்கு வந்தது. போடிக் கிட்டங்கியில் ஒரு ஐப்பசியில் கூரை ஒழுகி, கட்டு கட்டாகச் சாக்குகள் நனைந்துபோயின. வேறு சாக்கு இல்லை. அதிலேயே ஏலக்காயைக் கட்டித் தைக்கச் சொன்னார்கள். நான் இரட்டை நூல் போட்டு, நெருக்கி நெருக்கித் தைத்தேன். அவ்வளவு நல்ல தையலை நான் அதற்கு முன்னும் பின்னும் போட்டதில்லை. சுமைக்காரர் மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டதும், ஊசி போன ஓட்டைகளை ஒட்டியே சாக்கு கிழிந்து, சரக்கெல்லாம் சேற்றில் கொட்டியது. நூல் அறவில்லை. ஒரு முடிச்சுகூட அவிழவில்லை. நான் அழுதேன். கணக்குப்பிள்ளை மூட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நூலு என்ன செய்யும், நீ என்ன செய்வ? நனைஞ்ச சாக்குல தையல் நிக்காது" என்றார்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு கெட்டிக்கார டாக்டர் நல்ல நூலில் நல்ல தையல் போடப் போகிறார். அவர் கையில் இருப்பது நனைந்த சாக்கு என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

எழுந்தேன். நர்ஸ் மேசை பத்தடி தூரம் இருக்கும். அங்கே அதே குமுளிப் பெண் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு ஆண்கள் வேறு நின்றார்கள். பாதி வழியில் கால் நின்றுவிட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். அட்டையை அவள் நோட்டின் மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"எந்தா அம்மா இது?"

வாய் வரவில்லை. தியேட்டர் கதவைக் காட்டினேன். என் வாயைக் காட்டினேன். இரண்டு விரலை நீட்டினேன்.

"அவங்க சாப்பிட்டாங்களா? எப்போ? இன்னைக்கா?"

தலையை ஆட்டினேன். நாற்காலி பின்னால் விழ அவள் எழுந்து ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் பச்சை உடுப்போடு வெளியே வந்தார். என் மகனும் மருந்துப் பையோடு படியேறி வந்தான். டாக்டர் அந்தச் சத்தம் வராத குரலில்தான் கேட்டார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"நிறுத்தவே இல்லையாம்மா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"மயக்க டாக்டருக்கு இது தெரியாம இருந்திருந்தா, பாதியில ரத்த அழுத்தம் விழுந்து மேசையிலேயே எதுவும் ஆகியிருக்கும்" என்றார். பிறகு என் மகனைப் பார்த்து, "தள்ளிப்போட வழியில்ல. அடைப்பு முத்திடுச்சு. வெட்டுவேன். இன்னைக்கு ஒட்ட மாட்டேன். பைதான். முன்னாடியே கையெழுத்து வாங்கியிருக்கேன், இருந்தாலும் உங்ககிட்டச் சொல்லிட்டுச் செய்யறேன்."

கதவு மூடியது. என் மகன் என்னைப் பார்த்தான்.

"நீதான் வாங்கிக் குடுத்தியா?"

தலையாட்டினேன்.

"ரெண்டு பேரும் சேந்து ஒருத்தியக் கொல்லப் பாத்துருக்கீக" என்றான். மருந்துப் பையைப் பெஞ்சியில் வைத்துவிட்டுச் சன்னலோரம் போய் நின்றான். முதுகு குலுங்கியது. நான் போய்த் தொடவில்லை.

அவளுக்கு நினைவு வந்தபோது முதலில் அசைந்தது வலது கைதான். போர்வைக்குள்ளேயே ஊர்ந்து போய், கறுப்புப் புள்ளி இருந்த இடத்தைத் தேடியது. பையைத் தொட்டதும் நின்றது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"சத்தியம் பண்ணுனீகளே" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை. பையை நான்தான் மாற்றினேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். வயிற்றில் ரோசாப்பூ நிறத்தில் இரண்டு வாய், பக்கத்தில் பக்கத்தில். தொட்டால் வலிக்காது, ஆனால் தானாக அசையும். ஒரு வாய் வழியாக, சாப்பிட்டதெல்லாம் தண்ணீராக இறங்கும். இன்னொரு வாய் சும்மா இருக்கும். இந்த இரண்டும் மறுபடி ஒன்றாக வேண்டும் என்று தினமும் பார்த்துக்கொண்டேன். அடுப்படிக்குள் வராதே என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளாகவே வரவில்லை. நிலைப்படிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். அந்தச் சித்திரையில் தீச்சட்டியும் எடுக்கவில்லை. தேனிக்குப் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம், வீரபாண்டி வந்ததும் கண்ணை மூடிக்கொள்வாள்.

மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள். கன்னம் வற்றியது. வற்ற வற்ற எனக்கு மனசு ஆறியது. ஊர்க்காரர்களோ, "பாவம், இப்புடி ஒடைஞ்சு போயிட்டாளே" என்றார்கள்.

ஒரு மத்தியானம் என் நாத்தனார் பார்க்க வந்தாள். ஊர் வம்பெல்லாம் அவள் மடியில்தான் இருக்கும். காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது மருமகளின் பை, காற்று நிரம்பி, பர்ரென்று நீளமாகச் சத்தம் போட்டது. அதை யாராலும் அடக்க முடியாது. மருமகளின் முகம் செத்துப்போனது. நாத்தனார் டம்ளரை இறக்கிவிட்டு, "என்ன சத்தம் அது?" என்றாள்.

"நாந்தேன் மதினி" என்றேன். "நேத்து மொச்சப்பயறு தின்னேன்."

நாத்தனார் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அவள் முன்னால் நான் தும்மியதுகூட இல்லை. "வயசானா வெக்கம் போகும்னு சொல்லுவாக. ஒனக்கு இப்புடியா போகணும்?" என்று சொல்லிவிட்டு, மூக்கை மூடிக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிட்டாள்.

அவள் தெருவைத் தாண்டும்வரை மருமகள் பொறுத்தாள். பிறகு பையைப் பிடித்துக்கொண்டு, தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். "மொச்சப்பயறா? அத்தே, நீங்களா பேசுனது?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு நீங்க வாயே தெறக்கலியாமே. நர்ஸ் சொன்னா. அப்ப சத்தியத்த மீறலதான்."

அன்று ராத்திரிச் சோற்றுக்கு அவள் அடுப்படிக்குள் வந்து உட்கார்ந்தாள்.

ஐந்தாவது மாதம் ஒட்டுவதற்கு நாள் குறித்தார்கள். டாக்டர் என்னையும் உள்ளே வரச் சொன்னார். ஒரு தாளில் படம் போட்டுக்கொண்டே பேசினார்.

"ஒட்டுறதுக்கு ஒரே வழின்னு இல்ல. முனைக்கு முனை வச்சுத் தைக்கலாம். ஆனா வாய் சின்னதா இருக்கும், இந்த நோய்ல சீக்கிரம் சுருங்கிடலாம். ரெண்டு குடலையும் பக்கத்துல பக்கத்துல படுக்கவச்சு, ஸ்டேப்ளர் மாதிரி ஒரு கருவியால நடுச்சுவரைத் திறந்து ஒட்டலாம். பெரிய வாய் கிடைக்கும். நிறையப் பேர் அதைத்தான் செய்யறோம். மூணாவது வழி, கையால தைக்கிறது. வெட்டின ரெண்டு முனையையும் முதல்ல முதுகோட முதுகு சேர்த்துத் தைச்சு ஒரு தூண் மாதிரி நிறுத்திடுவேன். அதுக்குப் பக்கத்துல, குடலைப் பிடிச்சுத் தாங்குற கொழுப்புச் சவ்வு இல்லாத பக்கமாப் பார்த்து, ரெண்டு குடலையும் நீளவாக்குல கீறி, குறுக்கா விரிச்சுத் தைப்பேன். தூண் இருக்கறதால வாய் மடங்காது. சவ்வு ஒட்டுல படாது. நோய் பெரும்பாலும் அந்தச் சவ்வுப் பக்கத்துலேர்ந்துதான் திரும்பி வருதுன்னு ஒரு கருத்து இருக்கு."

"மூணுல எது சார் நல்லது?" என்றான் என் மகன்.

"எங்களுக்குள்ளேயே இன்னும் முடிவாகல. இவங்களுக்கு மூணாவதைச் செய்யலாம்னு நினைக்கிறேன். ஆனா ஒண்ணு. எப்படி ஒட்டினாலும் இந்த நோய் திரும்பி வர்றதா இருந்தா ஒட்டின இடத்தைத்தான் முதல்ல தேடி வரும்." பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "மாத்திரை எதுவும் இல்லையேம்மா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை என்று தலையாட்டினேன். அது உண்மைதான். ஆனாலும் பொய் சொல்கிற மாதிரியே இருந்தது.

ஒட்டி முடித்த பிறகு வயிற்றில் ஒரு மெல்லிய குழாயை விட்டு வைத்திருந்தார்கள். அதன் வழியே உள்ளே ஊறுகிற நீர் சொட்டும். "வெளுத்த சிவப்பா வந்தா நல்லது. பச்சையோ மஞ்சளோ கலங்கலோ வந்தா உடனே கூப்பிடுங்க" என்றாள் குமுளி நர்ஸ். பச்சை வந்தால் தையல் விட்டுவிட்டது என்று அர்த்தம். நான் கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டு, அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அஞ்சாம் நாள் காலையில் உடம்பு லேசாகச் சுட்டது. நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போனாள். அவள் சிரிக்காமல் போனதே என்னைப் பயமுறுத்தப் போதும். குழாயில் ஒரு சொட்டு நின்று, தொங்கி, விழுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். விழுந்த ஒவ்வொன்றும் வெளுத்த சிவப்பாகவே இருந்தது. சாயங்காலம் சூடு இறங்கியது. ஆறாம் நாள் அவளுக்குக் காற்றுப் பிரிந்தது. "மொச்சப்பயறுத்தே" என்றாள், கண்ணை மூடிக்கொண்டே.

ஒரு வருடம் நன்றாக இருந்தாள். அடுத்த சித்திரையில் தீச்சட்டி எடுத்தாள். நான் வேப்பிலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். அதற்குப் பிறகு குழாய் விட்டுப் பார்த்தபோது, ஒட்டின இடத்தில் நாலைந்து சின்னப் புண் இருக்கிறது என்றார்கள். தேடி வந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஊசி போட ஆரம்பித்தார்கள். ஊசிக்கு நோய் கேட்கும், பயப்பட வேண்டாம் என்றார்கள்.

இந்த வருடம் கவாத்துக்கு அதே பெண்கள் வந்தார்கள். பந்தலுக்குக் கீழே நின்று, அவளைப் பார்த்து, "என்ன மதினி, மருமகளுக்கு மறுபடியும் கன்னம் மினுமினுன்னு வந்துருச்சே. நல்லாத் தேறிட்டா" என்றார்கள்.

கையிலிருந்த குச்சிகளை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அடுப்படிக்குள் போய் உளுந்து டப்பாவை இறக்கி, கையை உள்ளே விட்டேன். அடியில் விரலில் பட்டது. வழுவழுப்பான அட்டை. பாதி காலி.

"கெடச்சுருச்சாத்தே?"

மருமகள் நிலைப்படியில் நின்றாள். தோட்டத்திலிருந்து என் பின்னாலேயே வந்திருக்கிறாள்.

"எத்தன நாளா?" என்றேன்.

"மூணு வாரமா. சின்னமனூர் போனப்ப நானே வாங்குனேன். அதே சீட்டு."

"எங்கன வலிக்குது?"

என் கையைப் பிடித்து, சேலையை விலக்கி, வடுவின் மேல் வைத்தாள். "இங்கனதான். ஒட்டுன எடத்துல." என் உள்ளங்கைக்குக் கீழே ஏதோ திரண்டு, குடுகுடுவென்று ஓடப் பார்த்து, ஓர் இடத்தில் வந்து முட்டி நின்றது. அவள் பல்லைக் கடித்தாள். கொஞ்ச நேரத்தில் அது வழுக்கி இறங்கிப் போனது.

"நான் சொல்லிருவேன் ஆத்தா" என்றேன். "இந்தத் தடவ வாயாலயே சொல்லுவேன்."

"தெரியும்த்தே. அதுக்குத்தான் அந்த டப்பாவுலயே வச்சேன்." சேலையைச் சரி செய்துகொண்டாள். "எனக்குச் சொல்ல வாய் வரல."

தேனி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அவள் முகம் கழுவிச் சேலை மாற்றப் போனாள். நான் அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு வாசலில் நின்றேன். டாக்டரிடம் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். வெள்ளை மாத்திரை. மூணு வாரமா. ஒட்டின இடத்திலேதான். தொண்டையில் அந்தப் பிடி இருந்துகொண்டேதான் இருந்தது. மறுபடி முதலிலிருந்து சொல்லிப் பார்த்தேன், கொஞ்சம் சத்தமாக.